பார்த்திராத வேலைக்கு ஆசைப்பட முடியுமா?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் எதிரே உட்கார்ந்திருந்தாள். மடியில் உயிரியல் நோட்டு. "அடுத்து என்ன படிக்கப் போற?" என்றேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. "டாக்டர் சார்."

"ஏன் டாக்டர்?"

"எனக்கு பயாலஜி பிடிக்கும் சார்."

"பயாலஜில எது பிடிக்கும்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பூவின் நீள்வெட்டுத் தோற்றம். சூலகம், சூலகத்தண்டு, மகரந்தப்பை என்று ஒவ்வொன்றையும் கூர் தீட்டிய பென்சிலால் வரைந்து, பெயர் குறிக்கும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி அடுக்கியிருந்தாள். "இந்தப் படத்துக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஆச்சு சார். பரீட்சைக்கு இவ்வளவு வேண்டாம்னு மிஸ் சொல்வாங்க. ஆனா எனக்கு விட மனசு வராது."

நோயாளிகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஊசி போடுவதைப் பற்றிக் கேட்டபோது முகத்தைச் சுளித்தாள். உயிரியல் படித்தவர் என்று அவள் நேரில் பார்த்த ஒரே ஆள் டாக்டர்தான். அதனால் உயிரியல் பிடித்தால் டாக்டர், அவ்வளவுதான் கணக்கு. மருத்துவப் பாடநூல்களுக்கும் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கும் படம் வரைவதே முழுநேரத் தொழிலாக இருக்கிறது, புதிதாகக் கண்டறியப்படும் செடிகளை அறிவியல் ஏடுகளுக்காக வரைபவர்கள் இருக்கிறார்கள், திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது தனித் துறை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "இதெல்லாம் வேலையா சார்?"

மேல்நிலை வகுப்பு மாணவர்களோடு பேசிப் பேசி எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. "உனக்கு எதில் விருப்பம்?" என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். விருப்பம் உண்டாகும் அளவுக்கு அந்தப் பிள்ளை எதையாவது பார்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. பார்த்திராத ஒன்றுக்கு யாராலும் ஆசைப்பட முடியாது. படிப்பையும் தொழிலையும் தேர்ந்தெடுக்க உதவுவது என்றால், முதல் வேலை அவர்கள் கண்ணில் படுவதைக் கூட்டுவது. சுருக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது ஒரு பள்ளியின் பிரச்சினையோ ஒரு நாட்டின் பிரச்சினையோ இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பான ஓஇசிடி, 15 வயது மாணவர்களுக்கு பிசா என்ற தேர்வை நடத்துகிறது. அதோடு, "30 வயதில் என்ன வேலையில் இருப்பாய்?" என்றும் கேட்கிறது. 2018ஆம் ஆண்டுக்கான பதில்களை 41 நாடுகளில் தொகுத்துப் பார்த்தபோது, ஆண் பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் வெறும் 10 வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். டாக்டர், ஆசிரியர், இன்ஜினியர், போலீஸ் என்று நாம் எதிர்பார்க்கும் அதே பெயர்கள்தான். 2000ஆம் ஆண்டில் இதே கணக்கு 38 சதவீதமும் 49 சதவீதமுமாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் இணையம் வீட்டுக்குள் வந்து, செல்போன் கைக்குள்ளும் வந்துவிட்டது. எல்லாத் தகவலும் விரல் நுனியில் இருக்கும்போது பட்டியல் விரிந்திருக்க வேண்டும். சுருங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டில் 436 தொழில் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல வேலைகள். 436 எங்கே, 10 எங்கே. தகவல் இருப்பதற்கும் அது ஒரு பிள்ளையின் மனதில் ஏறுவதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. பெயரே தெரியாத வேலையைத் தேடுபொறியில் எப்படித் தேடுவது?

சரி, இந்தச் சுருக்கம் எப்போது நடக்கிறது? அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். எனக்கு அது இன்றைக்கும் கலக்கம் தரும் விளக்கம். குழந்தைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே அவற்றைக் கழித்துக்கட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்றார் அவர். 6 முதல் 8 வயதுக்குள் "இது ஆம்பிளை வேலை, அது பொம்பளை வேலை" என்று ஒரு கழிவு. 9 முதல் 13 வயதுக்குள் "இது மதிப்பான வேலை, அது மதிப்பில்லாத வேலை" என்றும், "அது நமக்கெல்லாம் எட்டாது" என்றும் இன்னொரு கழிவு. தன் குணம் என்ன, தனக்கு எது ஒத்துவரும் என்று உள்ளே பார்க்கத் தொடங்குவது 14 வயதுக்கு மேல்தான். நாம் பதினோராம் வகுப்பில் கூப்பிட்டு உட்காரவைத்து விருப்பத்தைக் கேட்கும்போது, பெரும்பாலான வேலைகளை அந்தப் பிள்ளை எப்போதோ தள்ளிவைத்தாகிவிட்டது. தள்ளியது அதற்கே நினைவில் இருக்காது. மிச்சமிருக்கும் நாலைந்தில் ஒன்றைச் சொல்கிறது. நாம் அதை விருப்பம் என்று எழுதிக்கொள்கிறோம்.

அதனால் நான் முதல் சந்திப்பில் "எது வேண்டும்" என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். "எது வேண்டவே வேண்டாம், ஏன்?" என்று கேட்கிறேன். வேண்டாததற்குச் சொல்லும் காரணங்களில்தான் பழைய கழிவுகள் வெளியே வரும். "நர்ஸா? அது பொண்ணுங்க வேலை சார்" என்று ஒரு பையன் சொன்னால், பேச வேண்டிய இடம் அதுதான்.

சோதனைத் தாள்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

தொழில் வழிகாட்டுதலை முறையாகத் தொடங்கியவர் என்று ஃபிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்காக ஒரு தொழில் ஆலோசனை அலுவலகத்தைத் திறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவர் எழுதிவைத்த புத்தகம் 1909இல் வெளிவந்தது. அதில் அவர் சொன்னது மூன்று படி: உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். பார்சன்ஸ் தானே சிவில் இன்ஜினியரிங் படித்து, பள்ளியில் பாடம் நடத்தி, பிறகு வழக்கறிஞராகி, சட்டமும் கற்பித்தவர். பொருந்தாத வேலையின் அலைச்சல் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த மூன்று படிதான் அடித்தளம். ஆனால் முதல் படிக்குத் தாள் கொடுத்துச் சோதிப்பது சுலபம் என்பதால் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் படிக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பள்ளிக்கு வெளியே போக வேண்டும். அதுதான் நடப்பதில்லை.

இன்று பள்ளிகளில் கொடுக்கப்படும் விருப்பச் சோதனைகளில் பலவும் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கருத்திலிருந்து கிளைத்தவை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் ஆட்களை நேர்காணல் செய்யும் வேலையில் இருந்தவர் அவர். மனிதர்களின் வேலை வரலாறு ஆயிரம் விதமாக இருந்தாலும், சில வகைகளுக்குள் அடங்குவதை அங்கே கவனித்தார். கையால் செய்து பார்ப்பவர், ஆராய்பவர், கலை உள்ளம் கொண்டவர், பிறருக்கு உதவுபவர், ஆட்களைத் திரட்டி நடத்துபவர், ஒழுங்குபடுத்தி வைப்பவர் என்று ஆறு வகை. ஒருவரிடம் மேலோங்கி நிற்கும் இரண்டு மூன்றை வைத்து, அதே சாயல் உள்ள வேலைகளைக் காட்டுவார்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் ஓநெட் தளத்தில் இப்படி 60 கேள்விகள் கொண்ட சோதனை இலவசமாகவே இருக்கிறது.

இந்தச் சோதனைகள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பேச்சைத் தொடங்க நல்ல வழி அவை. "உனக்கு ஒழுங்குபடுத்துறது பிடிக்கும்னு வந்திருக்கே, வீட்டுல எதை அடுக்கி வைப்ப?" என்று கேட்டால், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த பையன் பத்து நிமிடம் பேசுவான். ஆனால் மூன்று எச்சரிக்கை. இவை விருப்பத்தை அளக்கின்றன, திறமையை இல்லை. "கருவியைப் பழுது பார்க்கப் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு, ஸ்க்ரூடிரைவரைத் தொட்டே பார்க்காத பிள்ளையின் பதிலுக்குப் பெரிய மதிப்பில்லை. கடைசியாக, விருப்பம் பள்ளி வயதில் முழுதாக உறைந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வந்த ஒரு ஆய்வு, 18 வயதுக்கு மேல், கல்லூரிக் காலத்தில்தான் விருப்பங்கள் குறிப்பிடத்தக்க அளவு கெட்டிப்படுகின்றன என்று காட்டியது. அப்படியிருக்க, ஒரு மதிய நேரத்தில் நிரப்பிய தாளை வைத்து "நீ இதற்குத்தான் லாயக்கு" என்று பெற்றோர் கையில் அறிக்கை கொடுப்பது அநியாயம். பிள்ளைகள் அதை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள்.

இரண்டு நாள் போதும்

கட்டிடக் கலைஞர் ஆக வேண்டும் என்று ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். பெரிய பெரிய கட்டிடங்களின் படங்கள் அவன் போனில் நிறைந்திருக்கும். தெரிந்தவர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்தோம். திரும்பி வந்தவனிடம் என்ன பார்த்தாய் என்றேன்.

"ஒரு அண்ணா காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஜன்னல் எண்ணிட்டிருந்தார் சார்."

கதவு ஜன்னல் அட்டவணை அது. ஒரு கட்டிடத்தில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், ஒவ்வொன்றின் அகலம் உயரம் என்ன, எந்தப் பக்கம் திறக்கும், என்ன கண்ணாடி என்று எழுதி வைப்பது. அதில் ஒன்று தப்பினால் கட்டும் இடத்தில் வேலை நின்றுவிடும். அந்த அலுவலகத்தின் பெரும்பகுதி நேரம் இதிலும், அனுமதிக்கான வரைபடங்களிலும், ஒப்பந்ததாரரோடு போனில் பேசுவதிலும்தான் போயிருக்கிறது. அழகான முகப்பை யோசிப்பது வாரத்தில் ஏதோ ஒரு மணி நேரம்.

"அப்போ வேண்டாமா?" என்றேன்.

"ஆபீஸ் போரடிச்சுது சார். ஆனா ரெண்டாவது நாள் சைட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தளம் போடறதுக்கு முன்னாடி கம்பி கட்டியிருந்ததை ஒருத்தர் டேப் வச்சு அளந்து பார்த்தார். நாலு இடத்துல பிரிச்சுக் கட்டச் சொன்னார். அவர் யாரு சார்?"

அவர் கட்டமைப்புப் பொறியாளர். இப்படி ஒரு வேலை இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. பையன் இப்போது படிப்பது சிவில் இன்ஜினியரிங். எந்தச் சோதனைத் தாளும் அந்த நாலு இடத்துக் கம்பியைக் காட்டியிருக்காது.

பல நாடுகளில் ஒரே இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுக்கப்பட்ட தரவுகளை ஓஇசிடி ஆராய்ந்து பார்த்தபோதும், பள்ளி வயதில் வேலையிடங்களைப் பார்த்தவர்களும் வேலை செய்பவர்களோடு பேசியவர்களும் பின்னாளில் பெரும்பாலும் நல்ல வேலை நிலையில் இருந்ததாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் கேட்ஸ்பி அறக்கட்டளைக்காக ஜான் ஹோல்மன் 2014இல் வகுத்த எட்டு அளவுகோல்களில் ஒன்று, 11 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு மாணவரும் வேலை உலகத்தைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்திருக்க வேண்டும் என்கிறது. 16 வயதுக்குள் ஒருமுறை, 18 வயதுக்குள் மறுமுறை தனியாக உட்கார்ந்து பேசும் வழிகாட்டுதல் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதற்குப் பெரிய கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய பெற்றோர், சித்தப்பா, அத்தை என்று நூறு பேர் வேலை செய்கிறார்கள். வாரம் ஒருவர் வந்து பேசினாலே போதும்.

வருபவரிடம் "உங்க வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்க விடாதீர்கள். எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "நேத்து காலைல வேலைக்கு வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க? அப்புறம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எதில் சலிப்பு வரும், தப்பு செய்தால் என்ன ஆகும், கூட வேலை செய்பவர்கள் எந்தெந்தப் படிப்பு படித்து வந்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பிள்ளைகளை ஆச்சரியப்படுத்தும். ஒரே அறையில் மூன்று விதமான பட்டங்கள் இருக்கும்.

எந்த வழி அடைபடுகிறது

பார்த்தது போதும் என்ற நிலை வந்த பிறகு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: இதை எடுத்தால் எந்த வழி அடைபடும்? எது திறக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அடைபடுவதைக் கேட்பவர்கள் குறைவு.

கணிதம்தான் இதில் பெரிய விஷயம். பொறியியலும் இயற்பியலும் கணிதம் கேட்கும் என்று தெரியும். பொருளாதாரம், புள்ளியியல், கணினி அறிவியல் ஆகியவற்றுக்கும் பல பல்கலைக்கழகங்கள் மேல்நிலைக் கணிதத்தைக் கட்டாயமாகக் கேட்கின்றன என்பது கடைசி நேரத்தில்தான் பலருக்குத் தெரியவருகிறது. படித்த கணிதத்தைப் பின்னால் விட்டுவிடுவது சுலபம். விட்ட கணிதத்தைப் பின்னால் பிடிப்பது மிகவும் கஷ்டம், ஏனென்றால் அது படிமேல் படியாக ஏறுகிற பாடம். வரலாறோ உளவியலோ அப்படியில்லை, இருபது வயதிலும் புதிதாகத் தொடங்கலாம். எனவே இன்னும் தெளிவு வராத பிள்ளை, கணிதம் ஓரளவு வருமென்றால், அதை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. "ஓரளவு வருமென்றால்" என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கணிதத்தோடு தினமும் போராடி, மற்ற நாலு பாடத்திலும் மதிப்பெண் இழந்து, தான் எதற்கும் உதவாதவன் என்று நம்பத் தொடங்கிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

பல்கலைக்கழகம் ஒன்றுதான் வழி என்பதும் ஒரு பழைய கழிவுதான். ஜெர்மனியில் தொழிற்பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாட்கள் நிறுவனத்திலும் இருக்கிறார்கள். 2 முதல் 3.5 ஆண்டுகள் வரை பயிற்சி, அதற்குச் சம்பளமும் உண்டு. குடும்பத்துக்குச் சீக்கிரம் வருமானம் தேவைப்படும் பிள்ளையிடம் கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் கனவைப் பற்றி மட்டும் பேசுவது அவனுக்குச் செய்யும் உதவி ஆகாது. சம்பாதித்துக்கொண்டே படிக்க என்னென்ன வழி இருக்கிறது, வேலைக்குப் போன பிறகு பட்டம் படிக்கத் திரும்பிவர முடியுமா என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிட வேண்டும்.

பெற்றோரைப் பற்றி எழுதும்போது பலரும் அவர்களைத் தடையாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு தந்தை என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார்: "சார், அவ சொல்ற படிப்பு என்னன்னே எனக்குப் புரியல. புரியாத ஒண்ணுக்கு எப்படி சரின்னு சொல்றது?" நியாயமான கேள்வி. பார்த்திராத வேலைக்கு மகள் ஆசைப்பட முடியாது என்றால், தந்தை மட்டும் எப்படிச் சம்மதிக்க முடியும்? அந்த மகள் தேர்ந்தெடுக்க நினைத்தது பேச்சுச் சிகிச்சை. பக்கவாதம் வந்து பேச்சு இழந்தவர்களுக்கும், பேசத் தாமதமாகும் குழந்தைகளுக்கும் பயிற்சி தருவது. அந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு தந்தையைப் பேசவைத்தோம். முக்கால் மணி நேரம். எவ்வளவு சம்பளம் வரும், இரவு வேலை உண்டா, எங்கே வேலை கிடைக்கும் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். வெளியே வந்ததும் மகளிடம், "எங்க அம்மாவுக்கு அப்ப இந்த மாதிரி ஒருத்தர் கிடைச்சிருந்தா பேசியிருப்பாங்க" என்றார். அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விண்ணப்பத்தில் கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசைப்படுத்தும் கட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இடம் ஒதுக்கும் முறை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற கணிதவியலாளர்கள் 1962இல் ஒரு முறையைக் கணித ரீதியாக விளக்கினார்கள். அதில் இடங்கள் முதலில் தற்காலிகமாகவே பிடித்து வைக்கப்படும். ஒரு படிப்பை இரண்டாம் விருப்பமாகக் கேட்கும் மாணவருக்குத் தகுதி அதிகம் என்றால், அதை முதல் விருப்பமாகக் கேட்டவரைத் தாண்டியும் அவருக்குக் கிடைக்கும். இந்த முறையில் உள்ளபடியே தன் ஆசை வரிசையை எழுதுவதால் மாணவருக்கு நஷ்டமே வராது. வேறு சில முறைகளில் முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே இடம் நிரந்தரமாகப் போய்விடும். அங்கே எட்டாத ஒன்றை முதலில் போட்டால், கைக்கெட்டும் இரண்டாவதும் போய்விடலாம். பாஸ்டன் பள்ளிகள் இந்த இரண்டாம் முறையைக் கைவிட்டு, 2005இல் முதல் முறைக்கு மாறின. எனவே வரிசை எழுதும் முன் கேட்க வேண்டியது: "இரண்டாவதாகப் போட்டால் என் வாய்ப்பு குறையுமா?" விதிமுறைப் புத்தகத்தில் பதில் இருக்கும். குறையாது என்றால், "இது கிடைக்காது" என்று தானாகவே முடிவுகட்டி, பிடித்த படிப்பைக் கீழே தள்ளும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துங்கள்.

இவ்வளவு செய்தும் தேர்வு தப்பாகப் போகலாம். ஜான் கிரம்போல்ட்ஸ் என்ற உளவியலாளர் கல்லூரியில் முதன்மைப் பாடத்தைச் சொல்ல வேண்டிய நாள் வரை முடிவெடுக்காமல் இருந்தாராம். யோசனை கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே பேராசிரியர் அவருடைய டென்னிஸ் பயிற்சியாளர். அவர் கற்பித்தது உளவியல். கிரம்போல்ட்ஸும் உளவியல் எடுத்தார். பிறகு தொழில் வழிகாட்டுதலிலேயே பெரிய ஆளாகி, 1999இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தற்செயல்களுக்கு இடம் வைத்தே வாழ்க்கையைத் திட்டமிட வேண்டும் என்று எழுதினார். அவருக்கு நல்லபடியாக அமைந்தது. எல்லோருக்கும் டென்னிஸ் பயிற்சியாளர் கிடைப்பதில்லை என்பதால்தான் வாரம் ஒருவர் வகுப்புக்கு வந்து பேச வேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

படிப்பில் சேர்ந்த பிறகு மாற நினைக்கும் பிள்ளைக்கு நாள் கணக்கு முக்கியம். எந்தத் தேதிக்குள் பிரிவு மாறலாம், கட்டணம் திரும்ப வருமா, படித்த பாடங்களின் மதிப்பெண் புதிய படிப்பிலும் சேருமா என்ற மூன்றையும் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதல் ஒரு மாதம் பிடிக்காமல் போவது பெரும்பாலும் புது இடத்தின் மிரட்சி. மூன்றாம் மாதத்திலும் பாடத்தில் ஒரு பக்கம்கூடத் தானாகப் படிக்கத் தோன்றவில்லை என்றால், மறுபடி வந்து உட்காரு, பேசலாம் என்பேன். பூ வரைந்த பெண் அப்படி ஒருமுறை வந்தாள், வேறு காரணத்துக்காக. தாவரவியல் முதலாண்டு. அதே மாதிரி ஒரு நோட்டு, இந்த முறை உள்ளே ஒரு செடியின் வேர் குறுக்குவெட்டு. இதை அனுப்பிக் கேட்க ஓவியர் யாராவது தெரியுமா என்று விசாரிக்க வந்திருந்தாள்.